சித்திகா வரைந்த மேல்தளம்

கோட்டைமேட்டுச் சந்தில் சித்திகாவுக்குக் கப்பக்காரி என்று பெயர். கடல் வாடையே அடிக்காத ஊரில் ஒரு பெண் தினமும் காலையில் டவுன் பஸ் ஏறிப் போய், படகுக்குப் படம் வரைந்துவிட்டு வருகிறாள் என்றால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவள் கடலைப் பார்த்ததே இல்லை. நீச்சலும் தெரியாது. ஆனால் தூத்துக்குடியிலும் கொச்சியிலும் கோவாவிலும் அவள் கோடு போட்ட படகுகள் மிதந்துகொண்டிருந்தன.

அவளுடைய அத்தா அப்துல் குத்தூஸ் தையல் மிஷின் ரிப்பேர் பார்த்தவர். கழற்றிய பாகங்களைத் திரும்ப மாட்டும் வரிசை மறந்துவிடாமலிருக்க மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றையும் நோட்டில் வரையச் சொல்வார். அப்படிப் படிந்த கை அது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ கடைசி வருஷம் படிக்கும்போது அவர் மாரடைப்பில் போய்விட்டார். வீட்டில் அம்மா, நான்கு வயது இளையவனான உவைஸ், இவள். 1991-ல், டிராயிங் தெரிந்தவர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து கோயமுத்தூருக்குள்ளேயே இருக்கும் ராமநாதபுரத்தில் ஒரு மாடிப்படி ஏறினாள்.

அது அருள்குமாரின் ஆபீஸ். வெள்ளகோவில் பக்கம் நிலபுலன் உள்ள கவுண்டர் வீட்டுப் பையன். கொச்சியில் கப்பல் கட்டும் படிப்புப் படித்துவிட்டு, ஊரை விட்டுப் போக மனமில்லாமல் கோயமுத்தூரிலேயே படகு வடிவமைப்பு ஆபீஸ் போட்டிருந்தார். படகு கட்டுகிறவர்கள் எங்கே இருந்தால் என்ன, டிரேசிங் தாளை உருட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போய்ச் சேர்ந்துவிடும் என்பார். எல்லாரிடமும் தணிந்த குரலில் பேசுவார். ஆபீஸ் கூட்டும் பெண்ணைக் கூட 'வாங்க அம்மணி' என்பார். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

சித்திகா அவருடைய கல்லூரிப் புத்தகங்களை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் படித்தாள். வளைந்துகொடுக்கும் மெல்லிய பட்டியைத் தாள்மேல் வைத்து, ஈயக்கட்டிகளால் அங்கங்கே அழுத்திப் பிடித்து, படகின் வயிற்று வளைவை ஒரே இழுப்பில் போடுவாள். படம் போடுவதோடு நிற்கவில்லை. எவ்வளவு எடை ஏற்றினால் எவ்வளவு அமிழும், எவ்வளவு சாய்ந்தால் தானாக நிமிரும், எங்கே நிமிராமல் கவிழும் என்ற கணக்கெல்லாம் இரண்டே வருஷத்தில் அவள் கைக்கு வந்துவிட்டது. அருள்குமார் அதற்குப் பிறகு கணக்குப் போடுவதையே விட்டுவிட்டார். கஸ்டமர்களைப் பார்க்கப் போவார், வருவார், கையெழுத்துப் போடுவார். படத்தின் மூலைக் கட்டத்தில் 'வரைந்தவர்' என்ற இடத்தில் இவளுடைய இனிஷியல் இரண்டெழுத்து பொடியாக இருக்கும். மற்ற கட்டங்களிலெல்லாம் அவர் பெயர். யாராவது ஆபீசுக்கு வந்தால், "இவிய நம்ம டிரேசருங்க" என்று, போட்ட படத்தை நகலெடுக்கிற ஆள்போல அறிமுகம் செய்வார். அவளும் சிரித்துக்கொண்டே டீ எடுத்துக் கொடுப்பாள்.

காரமடையில் செங்கோடன் என்பவர் ஃபைபர் பட்டறை வைத்திருந்தார். தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு, பம்புசெட்டுக்கு மூடி என்று செய்துகொண்டிருந்தவருக்கு 1994-ல் படகு ஆர்டர் ஒன்று வந்தது. சத்தியமங்கலம் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு மில் முதலாளி தன் தோட்டத்து ஏரியைச் சுற்றி விடுதி கட்டிக்கொண்டிருந்தார். விருந்தாளிகளை ஏற்றிச் சுற்ற முப்பத்து நாலடி நீளப் படகு வேண்டும். செங்கோடன் அருள்குமாரிடம் வந்தார். அருள்குமார் சித்திகாவிடம் கொடுத்தார். ஒரே தளம், முப்பது பேர் உட்காரலாம், மேலே வெயிலுக்குக் கூரை. நல்ல படகு. எந்தக் காற்றிலும் அசையாது என்று கணக்கு சொன்னது.

அந்தப் பழக்கத்தில்தான் சித்திகா செங்கோடனிடம் தம்பிக்கு வேலை கேட்டாள். பத்தாவதோடு நின்றுவிட்டு பேக்கரியில் நின்றுகொண்டிருந்த உவைஸ் பட்டறைக்குப் போனான். கண்ணாடி நார் பட்டுப் பட்டுக் கையெல்லாம் அரிக்க, சாயங்காலம் வந்து தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காருவான். "அக்கா, நீ பேப்பர்ல போட்டதை நான் கையில தொட்டுட்டேன்" என்பான். அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை. அக்கா வரைகிற படகைத் தம்பி கட்டுகிறான் என்று சந்து முழுக்கச் சொல்லிவைத்தாள்.

அடிப்பாகம் வார்த்து முடிந்த பிறகு மில் முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. கூரை எதற்கு? அந்த இடத்தில் இன்னொரு தளம் போட்டால் விருந்தாளிகள் நின்று மலையைப் பார்க்கலாமே.

அந்த நவம்பரில் சித்திகா மூன்று நாள் கணக்குப் போட்டாள். மேலே இருபது பேர் ஏறி ஒரே பக்கம் நகர்ந்தால் படகு சாயும், சாய்ந்தது நிமிராது. எந்தப் பக்கமாகப் போட்டாலும் விடை மாறவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போய் அருள்குமார் மேஜையில் வைத்தாள்.

"சார், இது கவுந்துருமுங்க."

அவர் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "கணக்கு சரிதானுங்க அம்மணி. குத்தஞ் சொல்ல முடியாது."

"ரெண்டடி அகலம் கூட்டுனா நிக்குமுங்க."

"அச்சு வாத்து முடிச்சுபோட்டாங்களே. இனி எங்க போய் அகலம் கூட்டறது?"

"அப்ப மேல ஆறு பேருக்கு மேல ஏறக்கூடாதுங்க."

"அதைப் படத்துலயே ஒரு குறிப்பா எழுதிப்போடுங்க. தீந்துது" என்றார்.

அவளும் வரைந்தாள். வேண்டாம் என்று நினைத்த தளத்தைத்தான் அத்தனை அழகாக வரைந்தாள். ஏறுகிற படிக்கட்டை லேசாகத் திருப்பி, கைப்பிடியின் வளைவைப் படகின் மூக்கு வளைவோடு இழைய விட்டிருந்தாள். செங்கோடன் பார்த்துவிட்டு, "ஏனுங்க, கலியாண மண்டபத்துப் படியாட்ட இருக்குதுங்க!" என்றபோது அவளுக்கு முகம் மலர்ந்தது. படத்தின் கீழே கொட்டை எழுத்தில் குறிப்பு எழுதினாள்: மேல்தளத்தில் ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது.

நான்கு நாள் கழித்து, பிரிண்ட் போடுவதற்காக அந்த டிரேசிங் தாளை எடுத்தவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குறிப்பு இருந்த இடத்தில் தாளின் பளபளப்புப் போய் சொரசொரவென்று இருந்தது. பிளேடால் சுரண்டியிருந்தார்கள். அந்த ஆபீசில் பிளேடு பிடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

"சார், குறிப்பு எங்கீங்க?"

"படத்துல இருந்தா அந்த முதலாளி பயந்துக்குவாருங்க. செங்கோடனுக்குத் தனியா லெட்டர்ல எழுதி அனுப்பிச்சுபோட்டேன். நீங்க பிரிண்ட் போடுங்க."

ஆபீசிலிருந்து போகிற கடிதம் எதுவும் அவள் கண்ணில் படாமல் போவதில்லை. டைப் அடிப்பதும் ஒட்டுவதும் அவள்தான். அப்படி ஒரு கடிதம் போகவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும், ஒருவேளை கையால் எழுதி அவரே போட்டிருப்பார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த உவைஸிடம் சொன்னாள்.

"படகு தண்ணியில எறங்கற அன்னிக்கு நீ மேல ஏறாதடா."

"ஏன்க்கா?"

"ஏறாதன்னா ஏறாத. கீழயே இரு. சத்தியம் பண்ணு."

அவன் சிரித்தான். ஆனாலும் அவள் நீட்டிய கையில் அடித்து சத்தியம் செய்தான்.

1995 ஜனவரியில், பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் படகு ஏரியில் இறங்கியது. முதலாளியின் சொந்தக்காரர்கள், மில் ஆபீஸ் ஆட்கள் என்று இருபத்திரண்டு பேர் படியேறி மேலே போனார்கள். செங்கோடனும் மேலேதான் நின்றார். கீழே எஞ்சின் பார்த்த நஞ்சுண்டன், சாப்பாட்டுத் தூக்குகளோடு உட்கார்ந்திருந்த சமையல்கார மாசாணியம்மாள், உவைஸ். படகு நடு ஏரிக்குப் போய்த் திரும்பி நின்றது. கரையிலிருந்த போட்டோக்காரர் கையை ஆட்டி, "எல்லாரும் இந்தப் பக்கமா வந்து நில்லுங்க" என்று கத்தினார். எல்லாரும் வந்து நின்றார்கள். படகு சாய்ந்தது. யாரோ ஒருவர் சிரிக்கக்கூடச் செய்தாராம். அது நிமிரவில்லை.

மேலே நின்றவர்கள் மாம்பழம் உதிர்வதுபோலத் தண்ணீருக்குள் விழுந்தார்கள். மீன்பிடிக்கிறவர்கள் பரிசலில் வந்து அத்தனை பேரையும் இழுத்துப் போட்டுவிட்டார்கள். ஒருவருக்குக் கை ஒடிந்தது. செங்கோடனுக்கு நெற்றியில் நாலு தையல். கவிழ்ந்த படகுக்கு அடியில் அகப்பட்ட மூன்று பேரை மட்டும் பொழுது சாய்கிற நேரத்தில்தான் எடுத்தார்கள். மூன்று பேருக்கும் உயிர் இல்லை.

மறுநாள் மதியம் உவைஸை அடக்கம் செய்தார்கள். சாயங்காலம் செங்கோடன் நெற்றிக் கட்டோடு கோட்டைமேட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன்தான், துக்கம் தாங்காமல் அழுதார். சித்திகாவின் அம்மாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டுமே என்று சொன்னார்.

"தங்கமான பையனுங்க. 'மேல வா கண்ணு, காத்து நல்லா வருது'ன்னு நாந்தானுங்க கூப்புட்டேன். 'இல்லீங்க, அக்கா ஏறக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்குது, நான் கீழயே இருந்துக்கறேன்'னு சொல்லிப்போட்டான். அக்கா பேச்ச அப்படிக் கேக்கற பையன எங்க பாக்க முடியுமுங்க?"

அம்மாவின் அழுகை நின்றுவிட்டது. அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்ததும் அருள்குமார் வந்தார். அவர் கையில் டைப் அடித்த ஒரு தாள் இருந்தது. நவம்பர் மாதத் தேதி போட்டிருந்தது. மேல்தளத்தில் ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று செங்கோடனுக்கு எழுதிய கடிதம். கடைசியில், டைப் அடித்தவர் இரண்டெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

"விசாரணைக்குக் கூப்புடுவாங்க அம்மணி. இதுல ஒரு இனிஷியல் மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னா நம்ம ரெண்டு பேருக்குமே நல்லது. போன உசுரு திரும்பியா வரப்போவுது?"

"நான் இதை டைப் அடிக்கலீங்க சார்."

"தெரியுமுங்க. அதனாலதான் கேக்கறேன்" என்றார், அதே தணிந்த குரலில்.

அவள் போடவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. எழுந்து, அம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் அவள் ஆபீசுக்குப் போய், அவர் வருவதற்குள் டிரேசிங் தாளையும் கணக்கு நோட்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வருவாய்க் கோட்ட ஆர்.டி.ஓ. விசாரணைக்கு மூன்று வீட்டு ஆட்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பின்வரிசை பெஞ்சில் நஞ்சுண்டனின் பெண்டாட்டி, மாசாணியம்மாளின் மகன், அவர்களுக்குப் பக்கத்தில் சித்திகாவின் அம்மா. சித்திகா முன்னால் போய் டிரேசிங் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சுரண்டிய இடத்தைக் காட்டினாள். நோட்டைப் பிரித்து வைத்தாள். உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று அவள் நம்பியிருந்தாள். அதிகாரி நோட்டைப் புரட்டினார்.

"இது உங்க எழுத்துதானே? எப்போ போட்ட கணக்கு?"

"நவம்பர்லீங்க."

"கவிழ்ந்துடும்னு நவம்பர்லயே உங்களுக்குத் தெரியும்."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சும் படத்தை முடிச்சுக் கொடுத்தீங்க. குறிப்பைச் சுரண்டின பிறகும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தீங்க."

"ஆமாங்க."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சார்கிட்டச் சொன்னேனுங்க."

"வேற யார்கிட்ட?"

அவள் பின்வரிசையில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "எந் தம்பிகிட்டீங்க" என்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"மேல ஏறாத, கீழயே இருன்னு."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பின்வரிசையில் நஞ்சுண்டனின் பெண்டாட்டி எழுந்துவிட்டாள். "ஏனுங்க, உங்க தம்பிக்கு மட்டும் சொன்னீங்களே, எங்கூட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதுங்களா?" என்று கேட்டாள். அவள் கத்தவில்லை. வழி கேட்பதுபோலத்தான் கேட்டாள். அதே பெஞ்சில் அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதுதான் காரணம் என்று அறிக்கை எழுதினார்கள். செங்கோடன்மேல் வழக்குப் போட்டார்கள். அது வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டு போனது. அவர் பட்டறையை மூடிவிட்டார். அருள்குமாருக்குக் கண்டித்து ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். "கொஞ்ச நாள் ஊட்டுல ரெஸ்ட் எடுங்க அம்மணி, அப்புறம் சொல்லி உடறேன்" என்று அவளை அனுப்பினார். சொல்லி விடவேயில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டரும், அதை ஓட்ட ஒரு புது இன்ஜினியரும் வந்தார்கள். ஒன்பது மாதம் வேலையில்லாமல் இருந்துவிட்டு, கணபதிப் பகுதியில் ஒரு பம்பு கம்பெனியில் படம் வரையச் சேர்ந்தாள்.

வீட்டில் அம்மா அவளை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை. விசாரணையிலிருந்து வந்த அன்று, பாயை விரித்துவிட்டு அம்மா கேட்டாள்: "சாப்பிடறீங்களா?"

சித்திகா வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

கோயமுத்தூரில் 'ங்க' போடுவது பெரிய விஷயமல்ல. பால்காரரும் கண்டக்டரும் கைக்குழந்தையிடம்கூடப் போட்டுப் பேசுவார்கள். ஆனால் அந்த வீட்டில் அம்மா மகளை 'வாடி', 'போடி' என்றுதான் இருபத்தாறு வருஷம் கூப்பிட்டிருந்தாள். அன்றிலிருந்து அது 'வாங்க', 'போங்க' ஆனது. "தண்ணி ஊத்தி வச்சிருக்கேன், குளிங்க." "மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துட்டுப் போங்க." சித்திகா காலைப் பிடித்து அழுதுபார்த்தாள். "எந்திரிங்க, எதுக்கு அழுவுறீங்க?" என்றாள் அம்மா. விருந்தாளிக்குச் செய்வதுபோல எல்லாம் செய்தாள். மகளுக்கு ஒன்றும் செய்யவில்லை.

இப்படியே இரண்டரை வருஷம் போனது. 1997 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருள்குமார் படத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். முடி நரைத்திருந்தது.

"நல்லா இருக்கீங்களா அம்மணி? ஒரு சின்ன உதவிங்க."

கோவாவில் ஒரு படகுப் பட்டறைக்கு, நாற்பதடி பாய்மர உல்லாசப் படகு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் குடும்பத்தோடு கடலில் போவதற்காகக் கட்டச் சொன்னது. புது இன்ஜினியர் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டிருந்தார். "அவர் போட்டதுல எனக்கு மனசு ஒப்பலீங்க. எங்க தப்புன்னும் தெரியல. உங்க கண்ணு பட்டாத் தெரிஞ்சுபோயிரும்" என்றார்.

சித்திகா தாள்களைத் தரையில் விரித்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பாய்மரத்தின் எடை நிற்கும் உயரத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி விழுந்திருந்தது. தலைக்கு மேலே நிற்க வேண்டிய அத்தனை எடையும் கணக்கில் தண்ணீருக்குக் கீழே போயிருந்தது. காகிதத்தில் அந்தப் படகு மலை மாதிரி நின்றது. கடலில் பலமாக ஒரு காற்றடித்தால் படுத்துவிடும். அந்தக் குறியின்மேல் விரல் நுனியை வைத்துப் பார்த்தவள், அப்படியே கையை எடுத்துக்கொண்டாள்.

"தப்பு இருக்குதுங்க" என்றாள்.

"எங்கீங்க?"

"உங்களுக்குச் சொல்ல மாட்டேனுங்க. அந்தப் பட்டறைக்கு எழுதுவேன்."

அவர் முகம் வெளுத்தது. "எனக்குச் சொன்னா நான் திருத்திப்போடுவேனுங்க அம்மணி. ஒரு நிமிச வேலை."

"பேரு போட்டு எழுதுவேனுங்க. கணக்கோட."

"எம் பொழப்பு போயிருமுங்க. ஏற்கெனவே மூணு கஸ்டமருதான் இருக்கறாங்க. உங்களை நான் ஒரு நாளாவது மரியாதைக் குறைவா பேசியிருக்கறனுங்களா?"

"இல்லீங்க சார்."

அவர் கையைக் கூப்பினார். கூப்பிய அந்தக் கையை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது அவளுக்கு இனித்தது. இத்தனை நாளாய் நாக்கில் எந்த ருசியும் தெரியாமல் இருந்தவளுக்கு அந்த இனிப்பு நன்றாகவே தெரிந்தது. தெரிந்த பிறகு பயமாகவும் இருந்தது. ஆனாலும் அவள் சொல்லவில்லை. அவர் தாள்களைச் சுருட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை பம்பு கம்பெனியில் மதியச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். எந்தத் தாள், எந்த வரி, எந்தக் குறி, திருத்தினால் விடை எவ்வளவு என்று எல்லாம் எழுதி, முழுப்பெயரும் விலாசமும் போட்டு, படத்தின் மூலையில் பார்த்துவைத்திருந்த பட்டறை முகவரிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினாள். பட்டறையிலிருந்து ஒரு வரி பதில் வரவில்லை. ஆனால் கணக்கை வேறொருவரிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தை முறித்ததோடு, தெரிந்த பட்டறைகளுக்கெல்லாம் சொல்லியும் விட்டார்கள். தீபாவளிக்கு முன்னால் ராமநாதபுரம் ஆபீஸ் பூட்டிவிட்டது. அருள்குமார் வெள்ளகோவிலுக்குத் திரும்பிப் போய் மாமனாரோடு எண்ணெய் மில்லில் உட்கார்ந்தார். அங்கே நன்றாகவே இருந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டாள்.

கடிதம் அனுப்பிய அன்று சாயங்காலம் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். சொன்னால் அந்த 'வாங்க', 'போங்க' கொஞ்சமாவது இளகும் என்று ஒரு சின்ன ஆசை. அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள்.

"அந்தப் படகுல எத்தனை பேருங்க?"

"அஞ்சு பேரு இருக்கலாம்மா. குழந்தைங்களும் இருக்குது."

"எல்லாருக்கும் சேத்துச் சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டேம்மா."

அம்மா தலையை ஆட்டிவிட்டு முறத்தைத் தட்டினாள். பொறுக்கி முடித்த அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். சித்திகா தேங்காய் துருவ உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கொதிக்கிற சத்தத்துக்கு நடுவில், "நாளைக்கு வேலைக்கு எத்தனை மணிக்குப் போவீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"எட்டு மணி பஸ்ஸுக்கும்மா" என்றாள் சித்திகா.